கட்டி தட்டாத வயல்

அந்தச் சரிவில் இருக்கிற எல்லோருக்கும் அவரை மாவண்ணன் என்றுதான் தெரியும். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இல்லாமலா போகும்? கூப்பிட ஆள் இல்லாமல் அது தேய்ந்து போயிற்று. தொழில் டிராக்டர் ஓட்டுவது. வண்டி சொந்த வண்டி. பின்னால் ரோட்டவேட்டரை மாட்டிக்கொண்டு அவர் ஒரு வயலில் இறங்கி ஏறினால், கத்திகள் சுழன்று சுழன்று அடித்ததில் மண் சல்லடையில் சலித்த மாவு மாதிரிக் கிடக்கும். அதுதான் பெயருக்குக் காரணம்.

அங்கே உழவுக்கு ஒரு வழக்கம் உண்டு. உழுது முடித்ததும் வயல்காரர் செருப்பைக் கழற்றி வரப்பில் வைத்துவிட்டு, வெறுங்காலோடு மூலைக்கு மூலை நடந்து பார்ப்பார். குதிகாலில் ஒரே ஒரு கட்டி தட்டினாலும் போதும், "திரும்ப ஓட்டு" என்று சொல்லிவிடலாம். டிரைவர் வாயைத் திறக்கக் கூடாது, வண்டியில் ஏறத்தான் வேண்டும். பெரிய பெரிய டிரைவர்கள் எல்லாம் அப்படித் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு ஏறியிருக்கிறார்கள். மாவண்ணனை மட்டும் யாரும் திருப்பி ஏற்றியது கிடையாது. டீக்கடையில் இதைப் பற்றிப் பேச்சு வந்தால் அவர் மீசையைத் தடவிக்கொண்டு வெளியே பார்ப்பார். அந்தப் பார்வை ஒன்று போதாதா?

கலப்பை போன தடம், அந்தச் சாலும் அப்படித்தான். மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே, நூல் பிடித்த மாதிரி நேராக விழும்.

அவர் வீடு சரிவின் அடியில் இருந்தது. முன்னால் ரோடு, பின்னால் மேட்டுக்காரருடைய வயல். சரிவில் மேலிருந்து கீழ்வரை பெரும்பங்கு நிலம் அவருக்குத்தான், அதனால் மேட்டுக்காரர். வயல் முடிகிற இடத்துக்கும் வீட்டுப் பின்சுவருக்கும் நடுவில் ஒரு புல்கரை இருந்தது. யாரும் நட்ட புல் இல்லை, தானாக வந்து தானாக அடர்ந்த புல். கணக்குப்படி அந்த இடமும் மேட்டுக்காரருக்குச் சொந்தம்தான். ஆனால் அவருடைய அப்பா காலத்திலிருந்தே யாரும் அதில் கை வைத்ததில்லை.

அந்தப் புல்லைப் பார்த்த மாதிரி ஒரு அறை. அது மாவண்ணன் மனைவியின் அறை. ஒரு தடவை அவர் சாப்பாட்டை மறந்துவிட்டுப் போக, தூக்குப் பாத்திரத்தோடு வயலுக்குப் போனவள், திரும்பி வரும்போது டிராக்டர் மட்கார்டில் உட்கார்ந்து வந்து, ஒரு குழியில் வண்டி தூக்கிப் போட்டதில் விழுந்தாள். இடுப்பு போயிற்று. அதிலிருந்து ஊன்றுகோல்தான். கட்டிலில் உட்கார்ந்தபடி ஜன்னல் கம்பிக்கு அந்தப் பக்கம் இரண்டு ஆடுகள் மேய்வதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அந்தப் பின்சுவர் சுடாத செங்கல். வெயில் காலத்தில் குளுகுளுவென்று இருக்கும். "மகாராணிக்கு ஏசி ரூம்" என்று மாவண்ணன் கேலி செய்வார். "மகாராஜா தள்ளி விட்டதால கிடைச்ச ரூம்" என்று அவள் திருப்பிக் கொடுப்பாள். இரண்டு பேரும் சிரிப்பார்கள். அவருடைய சிரிப்பு மட்டும் சட்டென்று நின்றுவிடும்.

அந்த வருஷம் விவசாய ஆபீசிலிருந்து ஒரு பெண் ஸ்கூட்டரில் வந்து போய்க்கொண்டிருந்தாள். எப்போது பார்த்தாலும் மண்ணையே நோண்டுவதால் மண் மேடம் என்று பெயர் வைத்துவிட்டார்கள். பக்கத்துச் சரிவில் தாடிக்காரர் ஒருவர் வயலைக் கொடுக்க, அதை மூன்று பட்டையாகப் பிரித்தாள். ஒன்றை மாவண்ணன் ரோட்டவேட்டரால் அடித்தார். இன்னொன்றில் உளிக்கலப்பை போனது, அது மண்ணைப் புரட்டாமல் ஆழமாகக் கீறிவிட்டு மட்டும் போகும். மூன்றாவது, தாடிக்காரர் சில போகமாக உழாமலே விட்டிருந்த பட்டை, அதை இப்போதும் உழவில்லை. போன போகத்துச் சோளத்தட்டை அப்படியே நிற்க, நடுவில் சின்னச் சின்னத் துளை போட்டு விதையை இறக்கியிருந்தார்கள்.

மாவண்ணனுக்கு அதைப் பார்க்கவே உடம்பு கூசியது.

"என்னய்யா இது, வயலா? ஷேவ் பண்ணாத மூஞ்சியா?"

"மூஞ்சி என்னோடது மாவண்ணே. உங்களுக்கு எங்க அரிக்குது?" என்றார் தாடிக்காரர்.

மேடம் அடி இல்லாத தகர டப்பா மூன்றைக் கொண்டுவந்து பட்டைக்கு ஒன்றாக மண்ணில் அடித்து இறக்கினாள். மூன்றிலும் ஒரே அளவு தண்ணீர் ஊற்றினாள். உழாத பட்டையில் தண்ணீர் தாகம் எடுத்தவன் குடிக்கிற மாதிரி உள்ளே போயிற்று. உளிக்கலப்பைப் பட்டையில் நிதானமாக இறங்கியது. மாவண்ணன் அடித்த பட்டையில் அசையாமல் நின்றது, அவர் முகமே அதில் தெரிந்தது.

"டப்பாவுல ஓட்டை இல்ல மேடம், அதான் நிக்குது" என்றார். கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள்.

"டப்பாவுக்கு அடியே கிடையாதுண்ணே. தண்ணிய நிறுத்தறது உங்க மண்ணுதான்."

மண்வெட்டியால் வெட்டிக் காட்டினாள். மேலே ஒரு சாண் மாவு. அதற்குக் கீழே மண்வெட்டி டங்கென்றது. வருஷக்கணக்காகக் கத்தி ஒரே ஆழத்தில் அடித்து அடித்து, வண்டியின் பாரமும் அழுத்தி, அடியில் சிமெண்டுத் தரை மாதிரி ஒரு பாளம் கட்டியிருந்தது.

"அகல உழுறதை விட ஆழ உழுன்னு பெரியவங்க சொல்லலையா?"

"சொன்னவங்ககிட்ட ரோட்டவேட்டர் இல்லண்ணே. இதை ஆழ உழவுன்னு சொல்லாதீங்க, அரைக்கறதுன்னு சொல்லுங்க. அரைச்ச மாவுல மழை விழுந்தா மேல களி மாதிரி பூசிக்கும். அப்புறம் ஒரு சொட்டு உள்ள போகாது, எல்லாம் ஓடும். உங்க சாலு வேற மேலிருந்து கீழ நேரா போகுது. சரிவுக்குக் குறுக்க ஓட்டக் கூடாதா?"

"குறுக்க ஓட்டினா வண்டி சாயும். சாஞ்சா நீங்க வந்து தூக்குவீங்களா?"

அந்தச் சரிவில் குறுக்கே ஓட்டிக் கவிழ்ந்தவர்கள் உண்டு, அதுவும் உண்மைதான். தாடிக்காரரும் பொய் சொல்லவில்லை. "உழாம விட்டா எல்லாம் பொன்னா விளையும்னு நினைக்காதீங்க. முதல் போகம் எனக்குக் குறைஞ்சுது. களை கழுத்தை நெரிச்சுது. ஆனா மண்ணு வீட்டை விட்டு ஓடல" என்றார்.

மாவண்ணன் அன்று சிரித்துக்கொண்டே வந்தார். மீசையை மட்டும் தடவவில்லை.

இந்தக் கதை அவர் மனைவி காதுக்கு வராமல் இருக்குமா? வீட்டை விட்டு நகராதவளுக்குத்தான் ஊர்ச் செய்தி முதலில் வரும். அடுத்த நாள் அவர் களைத்துப்போய் வந்தார். ஜன்னல் திட்டில் இரண்டு கண்ணாடி டம்ளர் இருந்தன. ஒன்றில் நல்ல கலரில் டீ. எடுத்து ஒரே மடக்கு குடித்தார்.

குடித்ததை அப்படியே வெளியே துப்பினார்.

"அடியே! என்னடி இது?"

"உங்க உழவுதாங்க. எப்படி இருக்கு? ருசியா?" அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சிரித்ததில் இடுப்பு வலித்து, வலித்ததில் இன்னும் சிரித்தாள். "வயல்ல இருந்து ஒரு கட்டி எடுத்துப் போட்டேன். போட்டதும் கரைஞ்சு டீயாயிடுச்சு. அந்த டம்ளரைப் பாருங்க."

அடுத்த டம்ளரில் தண்ணீர் தெளிவாக இருந்தது. அடியில் ஒரு கட்டி, போட்ட உருவம் மாறாமல் உட்கார்ந்திருந்தது. புல்கரையில் ஊன்றுகோலால் குத்தி எடுத்ததாம்.

"ஒரே மண்ணு, ஒரே சரிவு. இது மட்டும் ஏங்க கரையல?"

"வேர் புடிச்சு வெச்சிருக்கு."

"அப்போ அந்த வேரை விட்டு வைங்க. மேட்டுக்காரர் அதையும் ஓட்டச் சொல்லிக் கேக்கறாராமே. மேல இருந்து வர்ற சேத்தை இந்தப் புல்லுதான் தடுக்குது. நான் மழைக்கு மழை பாக்கறேன். இது போச்சுன்னா அடுத்து இந்தச் சுவர்தான்."

"தொட மாட்டேன் போ."

"சத்தியமா?"

"நான் என்னைக்கு உன் புல்லைத் தொட்டேன்? உன் ஆடுங்கதான் தின்னுது." சொல்லிவிட்டு வாயைக் கொப்பளிக்கப் போனார். ஆனால் அது விளையாட்டுப் பேச்சில்லை. அவர் வாக்குக் கொடுத்தால் கொடுத்ததுதான், அவளுக்கும் அது தெரியும்.

அடுத்த போகத்து உழவுக் காலம் வந்தது. மேட்டுக்காரர் வயலுக்குத்தான் முதல் உழவு. மாவண்ணன் காலையிலேயே இறங்கினார். மேலும் கீழுமாக அடித்து, வெயில் ஏறுவதற்குள் முடித்தார். புல்கரை வந்ததும் கத்தியைத் தூக்கிக்கொண்டு திரும்பினார். ஓரத்தில் புல்லின் வேர் வயலுக்குள் கொஞ்சம் ஓடியிருந்தது. அங்கே கத்தி பட்ட இடத்தில் மண் பொடியாகாமல் கட்டி கட்டியாகப் பெயர்ந்து கிடந்தது. அவர் கண்ணுக்கு அது தெரியாமல் இல்லை. விட்டுவிட்டார்.

மேட்டுக்காரர் செருப்பைக் கழற்றினார். டீக்கடைக்காரர், தாடிக்காரர், விதை கொண்டுவந்தவர்கள் என்று வரப்பு நிறைய ஆள். மூலைக்கு மூலை நடந்து வந்த மேட்டுக்காரர், கீழ் ஓரத்தில் "ஸ்ஸ்!" என்று காலைத் தூக்கினார்.

வரப்பில் இருந்தவர்கள் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள்.

"என்னப்பா மாவு, இது கல்லு மாவா இருக்கு!"

யாரோ சிரித்தார்கள். அப்புறம் எல்லோரும் சிரித்தார்கள். இத்தனை வருஷம் காத்திருந்த சிரிப்பு, லேசில் நிற்குமா?

"அது வயல் இல்லைங்க. புல்கரை ஓரம்."

"எல்லைக்கல்லு எங்க இருக்கு? உன் சுவர்கிட்ட. அது வரைக்கும் என் நிலம்தானே? ஊர் வயலை எல்லாம் மாவாக்கறே, உன் வீட்டுக்குப் பின்னாடி வந்தா மட்டும் கத்தி மழுங்கிடுதா?" மேட்டுக்காரர் காலைத் தேய்த்துக்கொண்டே சொன்னார். "திரும்ப ஓட்டு."

மாவண்ணன் காதில் அந்த இரண்டு வார்த்தை அதுவரை விழுந்ததே இல்லை. முகம் செத்துப்போயிற்று. வண்டியில் ஏறினார். ஓரத்தை மட்டும் சரி செய்துவிட்டு இறங்கியிருக்கலாம். ஆனால் சூடுபட்ட மனுஷன் பாதியில் நிற்பானா? கத்தியை இறக்கி, எல்லைக்கல் வரைக்கும், சுவர் வரைக்கும், புல்கரை முழுவதையும் அடித்தார். புல் சுருண்டு சுருண்டு கத்தியில் மாட்டியது. இறங்கி அறுத்துப் போட்டுவிட்டுத் திரும்ப அடித்தார். போன தடத்திலேயே இன்னொரு தடவையும் அடித்தார்.

ஜன்னலில் அவள் ஊன்றுகோலால் கம்பியைத் தட்டிக்கொண்டிருந்தாள். டிராக்டர் சத்தத்தில் அது யாருக்குக் கேட்கும்? அவர் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார், கோல் ஆடுவது தெரிந்தது. அதற்கப்புறம் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

மேட்டுக்காரர் திரும்பவும் நடந்தார். கால் கணுக்கால் வரை புதைந்தது. "இது உழவு!" என்றார். மாவண்ணன் தலை மறுபடியும் நிமிர்ந்தது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தார். அவள் சண்டை போடவில்லை. ஆடுகளை முன்பக்கம் கட்டியிருந்தாள். டீயைக் கொண்டுவந்து வைத்தாள். நிஜ டீ.

"எல்லைக்கல்லு வரைக்கும் அவர் நிலம். நான் என்ன பண்ண முடியும்?"

"நான் ஒண்ணும் கேக்கலையே."

அப்புறம் அவள் கேட்டாள்: "நீங்க வாக்குக் குடுத்தது எனக்கா, அவர் காலுக்கா?"

அவர் டீயைக் குடிக்காமல் வைத்துவிட்டார். சோளம் அறுத்ததும் தானே புல் நட்டுத் தருவதாகச் சொன்னார். அதுவரை அவள் முன்னறையில் படுக்கட்டும் என்றார். "இந்தக் கட்டிலைத் தூக்கிட்டுப் போய்ப் போடுங்க, படுக்கறேன். கீழ படுத்தா எழுந்திரிக்க முடியாதுன்னு உங்களுக்கே தெரியும்" என்றாள். கனத்த மரக் கட்டில், சுவரோடு சேர்த்துப் போட்டது. இரண்டு ஆளைக் கூட்டிவந்து நகர்த்துகிறேன் என்றார். மறுநாள் இன்னொருவர் வயல். அதற்கு மறுநாள் வேறு ஒருவர் வயல். உழவுக் காலத்தில் ஆள் எங்கே சிக்கும்? கட்டில் அங்கேயே கிடந்தது. அவரைக் கெட்டவர் என்று யாராவது சொன்னால் அது வாய்க்கு வந்த பேச்சு. நாளைக்குச் செய்யலாம் என்று நினைத்தார், அவ்வளவுதான். நாசமாய்ப்போன எல்லாக் காரியத்துக்கும் அடியில் அந்த நாளைதான் உட்கார்ந்திருக்கிறது.

மழை ஒரு மத்தியானம் வந்தது. மாவண்ணன் சரிவின் மறுபக்கம் ஒரு வயலை முடித்துவிட்டு, மோட்டார் கொட்டகையில் ஒதுங்கி நின்றார். எதிரே அவர் அப்போதுதான் அடித்த மண். முதல் துளிகள் அதில் குழி குழியாக விழுந்தன. கொஞ்ச நேரத்தில் குழிகள் கூடி மேல்மண் மெழுகின தரை மாதிரிப் பளபளத்தது. அதன் மேல் தண்ணீர் நின்றது. டப்பாவில் நின்ற மாதிரியே நின்றது. அப்புறம் நகர ஆரம்பித்தது. அவர் போட்ட சால் ஒவ்வொன்றையும் பிடித்துக்கொண்டு, டீ நிறத்தில், நேராகக் கீழே இறங்கியது.

அவர் கொட்டகையை விட்டு ஓடினார்.

வண்டியை எடுத்தார், வளைவு வரைக்கும்தான் போக முடிந்தது. ரோட்டில் சேறு முட்டியளவு வந்து நின்றிருந்தது. வண்டியை அப்படியே விட்டுவிட்டு இறங்கினார். செருப்பு சேற்றோடு போயிற்று, வெறுங்காலோடு ஓடினார். கால் புதைந்து புதைந்து போனது. வழி நெடுக ஒரு கட்டி தட்டவில்லை.

பின்சுவர் இல்லை. சுவர் இருந்த இடத்தின் வழியாக வயல் வீட்டுக்குள் வந்திருந்தது. மேட்டிலிருந்து கிளம்பி, தடுக்க ஒரு புல்லும் இல்லாமல் இறங்கி, ஊறிப்போன சுடாத செங்கல்லைத் தள்ளிக்கொண்டு அறை முழுக்க நிரம்பியிருந்தது. ஆடுகள் ரோட்டில் நின்று கத்தின. அவர் கையாலேயே தோண்டினார். மண்வெட்டி போட்டால் அவள் மேல் பட்டுவிடுமோ என்ற பயம். அள்ள அள்ள விரல் இடுக்கில் வழிந்தது. குழைத்த மாவு போல வழவழவென்று, ஒரு வேர் இல்லை, ஒரு கல் இல்லை. தானே பலகாலம் அரைத்து வைத்த மண். அள்ளிய குழி அடுத்த நிமிஷமே மூடிக்கொண்டது. தாடிக்காரரும் டீக்கடைக்காரரும் வந்து பலகை கொடுத்து அணைகட்டித்தான் அவளை எடுத்தார்கள். ஊன்றுகோல் கையில் இருந்தது. எழுந்து கதவு வரைக்கும் வரப் பார்த்திருக்கிறாள்.

கட்டிக்கொடுத்த மகள் வெளியூரிலிருந்து வந்தாள். அவள் அழுதாள். இவர் அழவில்லை.

வந்தவர்கள் எல்லோரும் மழையைத்தான் திட்டினார்கள். "இப்படி ஒரு மழையை யார் கண்டா?" என்றார் மேட்டுக்காரர், மாவண்ணன் தோளில் கைவைத்து. மாவண்ணன் நிமிர்ந்து, "புல்லை எடுத்தது நாமதானே?" என்றார். மேட்டுக்காரர் கையை எடுத்துக்கொண்டு பக்கத்தில் இருந்தவரிடம், "பாவம், அதிர்ச்சியில பேசறான்" என்றார். அதற்கப்புறம் மாவண்ணன் யாரிடமும் அதைச் சொல்லவில்லை. கேட்க ஆள் இல்லாத குற்றத்தை எங்கே கொண்டுபோய் இறக்குவது?

பக்கத்துச் சரிவில் தாடிக்காரர் வயலைப் பார்க்க நாலு பேர் போனார்கள். உழாத பட்டையில் தட்டை சாய்ந்திருந்தது, மண் இருந்த இடத்தில் இருந்தது. "அவனுக்கு யோகம்" என்று சொல்லிவிட்டு வந்தார்கள். மண் மேடம் வந்து சேற்றின் ஓரமாக நின்றாள். அவள் சொல்லியும் நடந்தது என்பதில் அவளுக்கு மட்டும் என்ன லாபம்?

காரியம் எல்லாம் முடிந்ததும் மாவண்ணன் டிராக்டரைக் கழுவாமல் ஓட்டிவந்தார். புல்கரை இருந்த இடத்தில் குறுக்கே நிறுத்தி, கத்தியை மண்ணில் இறக்கிவிட்டு, சாவியை எடுத்துக்கொண்டார். அடுத்த உழவுக்கு மேட்டுக்காரர் வந்து, "இது என் நிலம்பா, வண்டியை எடு" என்றார்.

"எடுத்துக்கங்க" என்றார் இவர், வாசலில் உட்கார்ந்தபடியே. எழுந்திருக்கவில்லை.

வேறு டிரைவர் வந்தான். வண்டியைச் சுற்றிக்கொண்டு மிச்ச வயலை அடித்தான், மேலிருந்து கீழே, நூல் பிடித்த மாதிரி. கத்தி போக முடியாத டிராக்டரின் அடியில் மட்டும் கொஞ்சம் புல் வந்திருக்கிறது. வண்டி நீளத்துக்குப் புல். அது எந்த மழையைத் தடுக்கும்?

உழவு முடிந்ததும் மேட்டுக்காரர் செருப்பைக் கழற்றினார். நடந்தார். "மாவு மாதிரி இருக்கு!" என்று பழக்கத்தில் வாய்விட்டுச் சொல்லிவிட்டார். வரப்பில் இருந்தவர்கள் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். அங்கே யாரும் வெளியே வரவில்லை.

எல்லோரும் போன பிறகு மாவண்ணன் வந்தார். வயல் ஓரத்தில் தேடித் தேடி ஒரு கட்டியை எடுத்தார். வீட்டுக்குள் போய், டம்ளரில் தண்ணீர் ஊற்றி, அதைப் போட்டார். கை எடுப்பதற்குள் கரைந்து போயிற்று. கொட்டிவிட்டு டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தார். மழை மேகம் தெரிகிற நாளெல்லாம் அவர் அதைச் செய்கிறார். அன்றும் மேகம் இருந்தது.